நாற்பதாயிரம் பேர் இறங்கிய லிஃப்ட்

எட்டுப் பேர் மட்டுமே ஏறலாம் என்று தகடு அடித்து வைத்திருக்கும் லிஃப்ட்டில், நாற்பதாயிரம் பேரை ஒரே நடையில் ஏழாவது மாடியிலிருந்து தரைக்கு இறக்கிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருக்கிறார். ஒருவர் காலை ஒருவர் மிதிக்கவில்லை. பாரம் அதிகம் என்று அலற வேண்டிய மணி வாயைத் திறக்கவில்லை.

அந்த மனிதர் லிஃப்ட்காரர். அப்படிச் சொன்னதும் அவரேதான்.

வேலை பார்த்த காலம் முழுக்க லிஃப்ட் பூட்டுவதும் கழற்றுவதுமாக இருந்துவிட்டு, ஓய்வுபெற்று ஏழாவது மாடியில் மனைவியோடு குடியிருக்கிறார். அறுந்த கம்பிவடத்தைப் பல்லால் கடித்துப் பிடித்து ஒரு லிஃப்ட்டையே நிறுத்தியதாகச் சொல்லியிருக்கிறார். அவர் பழுது பார்த்த லிஃப்ட் ஒன்று மரியாதைக்காக மின்சாரம் இல்லாத நேரத்திலும் ஓடியதாகச் சொல்லியிருக்கிறார். லிஃப்ட்காரர் சொல்வதில் பெரும்பகுதியைக் கழித்துவிட்டு, மிச்சத்தையும் உதறிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்பது அந்தக் குடியிருப்பில் குழந்தைகளுக்கும் தெரியும்.

அதனால்தான் வம்பு. வாழ்நாளில் முதல்முறையாக அவர் நடந்ததைச் சொன்னார். சீந்த ஆளில்லை. நம்பாதவர்களில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தது யார் என்றால், அவர் மனைவியின் தம்பி, அவருடைய சொந்த மச்சான்.

மச்சான் இரண்டாவது மாடி. துணிக்கடையில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர்; குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். வாசலில் ஒரு சருகு விழுந்தாலும் வெள்ளைச் சட்டையில் கறை பட்டதுபோல் முகம் சுளிப்பார். போன வருடம் கொசு என்று நாலு பேர் முனகியதும், முதுகில் உருளையும் கையில் புகைக்குழாயுமாக ஒரு மருந்துக்காரரை ஏற்பாடு செய்துவிட்டார். புகை யாருக்கும் தொந்தரவாக இருக்கக் கூடாதல்லவா, அதனால் விடிந்தும் விடியாத நேரத்தில் அடிக்கச் சொன்னார். மனிதர்கள் மேல் அவ்வளவு கரிசனம். அந்த நேரத்தில் மனிதர்களைத் தவிர வேறு யார் வேலைக்குக் கிளம்புகிறார்கள் என்று அவர் யோசிக்கவில்லை.

பூசணிப் பூ விரிவது அந்த நேரத்தில்தான். மொட்டைமாடியில் லிஃப்ட்காரரின் மனைவி தொட்டிகளில் பூசணியும் வெள்ளரியும் வளர்க்கிறார். வாராவாரம் புகை எழும்பி வந்தது. ஒரு காலையில் அவர் மாடியைக் கூட்டினால், குப்பைத்தட்டு நிறையத் தேனீ. சில செத்திருந்தன. சில சாகவில்லை, அதுதான் கொடுமை. ஒன்று போக வேண்டிய இடம் மறந்த மாதிரி ஒரே இடத்தில் வட்டம் போட்டு நடந்துகொண்டே இருந்தது. லிஃப்ட்காரர் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தட்டைத் தூக்கிக்கொண்டு நேரே இரண்டாவது மாடிக்குப் போய், செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்த மச்சானின் மடியில் வைத்தார்.

"என்ன அத்தான் இது, குப்பையைக் கொண்டாந்து வீட்டுக்குள்ள..."

"குப்பை இல்ல. நீ பார்த்த வேலை. நல்லாப் பாரு."

மச்சான் பார்த்தார். தட்டை ஒரு விரலால் தள்ளினார். "பூச்சி மருந்து அடிச்சா பூச்சி சாகத்தானே செய்யும்? இதுக்கு எதுக்கு மூச்சு வாங்குறீங்க?"

லிஃப்ட்காரருக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். வந்த வேகத்தில் போய்விடும். அன்றைக்கு வந்தது போகவில்லை. கால் நீட்டிப் படுத்துக்கொண்டது.

அந்த வருடம் பூசணி பூத்தது, விளக்கு ஏற்றிவைத்த மாதிரி பூத்தது. பெண் பூவின் அடியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பிஞ்சு இருக்கும்; ஆண் பூவின் மகரந்தம் வந்து சேர்ந்தால்தான் அது காயாகும். கொண்டுவந்து சேர்க்க ஆளில்லை. பிஞ்சுகள் மஞ்சளடித்துச் சொத் சொத்தென்று விழுந்தன. கீழே முற்றத்து மாதுளைகளும் வரிசையாகப் பூத்து, வரிசையாக உதிர்த்துவிட்டுச் சும்மா நின்றன. மனைவி தன் பழைய பவுடர் தூரிகையை எடுத்துக்கொண்டு விடியலில் பூவுக்குப் பூ குனிந்து நிமிர்ந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி வருவார். "உங்க மச்சான்கிட்ட கேளுங்க, தேனீ வேலைக்கு ஓய்வூதியம் உண்டானு."

"உன் தம்பிதானே, நீயே கேளு."

"நல்ல காரியம் செஞ்சா என் தம்பி. இப்போதைக்கு உங்க மச்சான்."

கேட்கத்தான் செய்தார்கள். மச்சானிடம் பதில் தயாராக இருந்தது. "காய் வேணும்னா கடையில கொட்டிக் கிடக்கே."

"கடைக்கு எங்கேருந்து வருது?" என்றார் லிஃப்ட்காரர். "தறியில நெய்து, இஸ்திரி போட்டு அனுப்புறாங்களா?"

இந்த வருடம்தான் அது நடந்தது. லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறை மொட்டைமாடியில் இருக்கிறது. லிஃப்ட் முனகினால் சங்கம் கம்பெனிக்குப் பேசாமல் இவரைக் கூப்பிடும் என்பதால் அதன் சாவி இவரிடம்தான். ஒருநாள் அறைக்குள் போனால், மோட்டார் நிற்கிறது, ஆனால் உறுமல் கேட்கிறது. மூலையில் பழைய கட்டுப்பாட்டுப் பெட்டி. புதியது பூட்டியபோது இவரே அதன் குடலை உருவிவிட்டு, வெறும் இரும்புக் கூட்டை அங்கே தள்ளி வைத்திருந்தார். வயர் போன துளையை அடைக்க மறந்துவிட்டார். தொழிலில் அது மன்னிக்க முடியாத அசட்டை. அந்தத் துளை வழியாக ஒரு தேனீக் குடும்பமே குடிவந்திருந்தது.

அவர் இரும்பில் காதை வைத்தார். உள்ளே ஒரு ஊரே வேலை செய்துகொண்டிருந்தது. ஒரு வருடமாகக் கால் நீட்டிப் படுத்திருந்த கோபம் முதல்முறையாகப் புரண்டு படுத்தது.

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று மனைவி படித்துப் படித்துச் சொன்னார். ஒரு வாரம் அடக்கிப் பார்த்தார். வயிறு உப்பியது. கடைசியில் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, "மொட்டைமாடியில நாற்பதாயிரம் பேருக்கு வீடு குடுத்திருக்கேன், தெரியுமா" என்று அவிழ்த்துவிட்டார். பெஞ்சு சிரித்தது. ஒரே ஒருவர் சிரிக்கவில்லை. அத்தான் மோட்டார் அறையை யாருக்கோ கள்ளத்தனமாக வாடகைக்கு விட்டுவிட்டார் என்று நினைத்த மச்சான், மேலே ஏறிப்போய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

அன்று மாலையே வந்து கதவைத் தட்டினார். "நாளைக்குக் காலையில மருந்துக்காரர் வர்றார். மோட்டார் ரூம் சாவி வேணும்."

"தர முடியாது."

"பூட்டை உடைச்சுக்கறோம்."

"உடைப்பே. உனக்குக் கட்டத் தெரிஞ்சது ஒண்ணாவது இருக்கா?"

மச்சான் அக்காவைப் பார்த்தார். அக்கா கதவைச் சாத்தினார்.

மறுநாள் வெளிச்சம் வருவதற்கு முன்பே புருஷனும் மனைவியும் மோட்டார் அறையில் இருந்தார்கள். தேனீக்கள் எல்லாம் வீட்டுக்குள் இருக்கும் நேரம். திட்டம் எளிது: துளையுள்ள பக்கத்தில் ஒரு தலையணை உறையை மாட்டிக் கட்டுவது, பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றுவது, லிஃப்ட்டில் இறக்கி, முற்றத்துக் கடைசியில் மாதுளைகளுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவது. பெட்டியை ஆளுக்கொரு பக்கம் தூக்கிப் படியிறங்கி, ஏழாவது மாடி லிஃப்ட் வாசலில் நின்ற வண்டியில் ஏற்றிவிட்டார்கள். வழியில் தளர்ந்திருந்த உறையை மனைவி மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தபோது மாடிப்படியில் செருப்புச் சத்தம்.

"அத்தான், எனக்குத் தெரியும் நீங்க இப்படிப் பண்ணுவீங்கன்னு."

பாதி போட்ட முடிச்சோடு லிஃப்ட்காரர் வண்டியை உள்ளே தள்ளினார். மச்சான் பின்னாலேயே பாய்ந்து உள்ளே வந்தார். கதவு மூடிக்கொண்டது. அக்கா வெளியே நின்றுவிட்டார்.

லிஃப்ட்டின் பொத்தான் பலகையில் ஒரு சாவித்துளை உண்டு. திருப்பினால், வெளியே யார் கூப்பிட்டாலும் லிஃப்ட்டுக்குக் காது கேட்காது. லிஃப்ட்காரர் தரைத்தளத்துக்கு அமுக்கிவிட்டு அதைத் திருப்பினார். அடுத்து அவர் செய்ததை லிஃப்ட் வேலை பார்த்த மனிதனைத் தவிர வேறு ஒருவரும் செய்திருக்க மாட்டார்கள். சாவியைத் திருப்பிய கை, இத்தனை வருடப் பழக்கத்தில், தானாகவே பக்கத்தில் இருந்த மின்விசிறியைப் போட்டது.

காற்று மேலிருந்து இறங்கியது. தலையணை உறை ஒருமுறை உப்பியது, ஒருமுறை ஆடியது, பாதி முடிச்சு அவிழ்ந்து கீழே விழுந்தது.

வெளியே வந்தன. எப்படி வந்தன என்று கேட்டால், படம் முடிந்ததும் தியேட்டர் வாசலில் ஜனம் வருமே, அப்படி. மச்சான் கத்திக்கொண்டு சிவப்புப் பொத்தானை அமுக்கினார். நாலாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றது.

லிஃப்ட்காரர் விசிறியை அணைத்தார். விளக்கையும் அணைத்தார். இருட்டில் தேனீ பறக்காது, ஊரும். லிஃப்ட் பாதைகளில் கூடு கண்ட அனுபவத்தில் அவருக்கு அது தெரியும்.

"கையைத் தொடையோட ஒட்டு," என்றார் மெதுவாக. "கண்ணை மூடு. வாயை மூடு. மூக்கால மெல்ல மூச்சு விடு. தட்டினியோ செத்தே. நீ இல்ல, நான் செத்தேன். உங்க அக்கா என்னைக் கொன்னுடுவா."

உறுமல் அடங்கியது. அதற்குப் பதிலாக வேறொரு சத்தம் எழுந்தது, மழை தூறுகிற மாதிரி, ஆயிரக்கணக்கான கால்கள் நடக்கிற சத்தம். சுவரில் நடந்தன. கூரையில் நடந்தன. மச்சானின் சட்டையில் நடந்தன. ஒன்று அவர் காது மடலில் ஏறி உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்தது.

சிவப்புப் பொத்தானை வெளியே இழுத்தால் லிஃப்ட் ஓடத் தொடங்கும். குலுங்கினால் தேனீக்கள் கலையும், அவை திரும்பப் பெட்டிக்குள் ஊர்ந்து போகும்வரை காத்திருப்பதுதான் நல்லது. இது ஒரு காரணம். இன்னொரு காரணம், எந்நாளும் அத்தானை ஒரு வாக்கியம் முடிக்க விடாத மச்சான் வாயை இறுக மூடிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறார். இப்படி ஒரு சபை இனி எந்தப் பிறவியில் அமையும்?

"இப்போ கேளு," என்றார் லிஃப்ட்காரர். குரல் தாழ்ந்திருந்தது, ஆனால் ஒரு வருடக் கோபம் முழுவதும் அதில் இருந்தது. "உன் மேல நடக்குதே, இதுங்க யாருன்னு தெரியுமா? மரத்துக்குக் காலு கிடையாது. ஒரு பூ ஒரு மாடியில, இன்னொரு பூ இன்னொரு மாடியில. ரெண்டுக்கும் நடுவுல ஓடுற லிஃப்ட்டுடா இது. நீ லிஃப்ட்டை நிறுத்தல, கம்பிவடத்தையே அறுத்துட்டே. அறுத்துட்டு, கடையில காய் இருக்குன்னு சொல்றே. அந்தக் காய் விளையிற இடத்துலயும் உன்னை மாதிரி ஒரு செயலாளர் இருக்க மாட்டானா? அங்கேயும் ஒருத்தன் விடியக்காலம் புகை போட மாட்டானா? எல்லா ஊர்லயும் ஒவ்வொருத்தன் சுத்தம் பண்ணிக்கிட்டே வந்தா, கடைசியில சுத்தமா ஒண்ணுமே இருக்காதுடா."

மச்சான் மூக்கால் மூச்சு விட்டார்.

"செத்தது பரவாயில்ல. சாகாம வட்டம் சுத்திச்சே ஒண்ணு, உன் மடியில வெச்சேனே, அது வீட்டுக்கு வழி மறந்து போச்சு. உனக்கு வயசாகி, உன் வீட்டு வாசல்லயே நின்னு, எது என் வீடுன்னு நீ தேடினா எப்படி இருக்கும்? இத்தனையும் யாருக்காக? கொசுவுக்காக. கொசு எங்கே இருக்கு? லிஃப்ட் குழியில தண்ணி நிக்குது, இறைக்கச் சொல்லுன்னு தொண்டை வறளச் சொன்னேன். நீ வானத்துக்குப் புகை போட்டே."

நீண்ட நேரம் நடக்கிற சத்தம் மட்டும். பிறகு அதுவும் குறைந்தது. உள்ளே இருந்த ராணியின் வாசனை பிடித்து, ஒன்றன்பின் ஒன்றாகத் துளைக்குள் போய்க்கொண்டிருந்தன. இருட்டில் மச்சானின் கை மெல்ல நகர்ந்து வந்து அத்தானின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டது.

"அத்தான்," என்றார் உதடு அசையாமல். "இனிமே புகை வேண்டாம். சத்தியமா வேண்டாம். கீழே இறக்குங்க."

லிஃப்ட்காரர் உறையைத் தேடி எடுத்து இறுக்கிக் கட்டினார். விளக்கைப் போட்டார். பொத்தானை இழுத்தார்.

படி வழியாக இறங்கி வந்து தரைத்தளத்தில் மூச்சிரைக்க நின்ற அக்கா கண்டதெல்லாம் இதுதான்: கட்டிய பெட்டி, சட்டைக் காலர் கலையாத தம்பி. மச்சான் வெளியே காலை வைத்ததும் கழுத்தில் பளீரென்று ஒரு அடி அடித்துக்கொண்டார். கடித்தது கொசு. லிஃப்ட் குழியிலிருந்து வந்தது.

அன்று மருந்துக்காரரை மச்சானே திருப்பி அனுப்பினார். லிஃப்ட்காரர் பெட்டியை மாதுளையடியில் வைத்து, உறையை அவிழ்த்து, வெளியே வருகிறவை புது முகவரியைப் பார்த்துப் பழகட்டும் என்று துளைக்கு முன்னால் ஒரு கிளையைச் சாய்த்துவைத்தார். ஒரு வாரத்தில் அவை பூவுக்குப் பூ போய் வந்தன.

அந்த ஒரு வாரத்தில் மச்சானுக்கு நிறம் திரும்பிவிட்டது. கூடவே மறதியும் வந்துவிட்டது. பெஞ்சில் லிஃப்ட்காரர் கதையைத் தொடங்கும்போதெல்லாம், "தேனீ எதுவும் வெளியே வரல. பெட்டி கட்டியே இருந்தது. வந்திருந்தா நாங்க பொணமா இறங்கியிருப்போம்" என்று கையை வீசினார். சட்டை நுனி, சத்தியம் எதுவும் நினைவில்லை. லிஃப்ட்காரர் அவரைக் குற்றம் சொல்லும் போதெல்லாம் பெஞ்சு சிரித்தது. அறுந்த கம்பிவடத்தைப் பல்லால் பிடித்தவர் ஆயிற்றே.

சொன்ன சொல்லை விழுங்கியது போதாதென்று, பெட்டி ஆபத்து என்று சங்கக் கூட்டத்தையும் கூட்டினார் மச்சான். முற்றத்தில் நாற்காலிகள். ஓரத்தில் மருந்துக்காரர் உருளையோடு தயாராக நின்றார். மாதுளையில் பிஞ்சு பிடித்திருந்தது. அதை ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கொட்டுமா கொட்டாதா?" என்றார் முதல் மாடித் தையல்காரம்மா. "அதை மட்டும் சொல்லுங்க."

"அதைத்தான் அம்மா தினமும் சொல்றேன். எங்க ரெண்டு பேர் மேலயும் ஊர்ந்துச்சு, ஒண்ணுகூடக் கொட்டல."

"அத்தான் கதை சொல்றார்," என்றார் மச்சான். "அவரைப் பத்தி உங்களுக்குத் தெரியாதா?"

சிரிப்பு எழுந்தது. லிஃப்ட்காரர் எழுந்து நின்றார். எல்லாரும் இன்னொரு புளுகுக்குக் காத்திருந்தார்கள். அவர் மருந்துக்காரரிடம் போய்ப் புகைக்குழாயை வாங்கி, கொண்டுவந்து மச்சானின் கையில் திணித்தார்.

"ஆள் எதுக்கு? நீயே அடி. வா, பெட்டிகிட்ட வந்து நின்னு அடி. நான் தடுக்கல. ஆனா அடிக்கிற முகத்தை நான் பார்க்கணும்."

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. லிஃப்ட்காரர் பேச்சை நிறுத்தி அந்தக் குடியிருப்பு பார்த்ததில்லை. சிரிப்பு தானாக அறுந்தது.

இத்தனை பேர் பார்க்கும்போது பின்வாங்க முடியுமா? மச்சான் குழாயோடு பெட்டியை நோக்கி நடந்தார். கூட்டம் தள்ளி நின்றது. அவர் குழாயை உயர்த்தினார். மாதுளையிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்த ஒரு தேனீ வழியில் நின்ற அந்தக் காதைப் பார்த்து, மடலில் இறங்கியது.

குழாய் தரையில் விழுந்தது. மச்சான் ஓடவில்லை, கத்தவில்லை, தட்டவில்லை. இரண்டு கையையும் தொடையோடு ஒட்டினார். கண்ணை மூடினார். வாயை இறுக்கினார். மூக்கால் மெல்ல, மெல்ல மூச்சு விட்டுக்கொண்டு தூண் மாதிரி நின்றார். தேனீ மடலில் ஒரு நடை நடந்தது, கால்களைத் துடைத்துக்கொண்டது, பறந்து போய்த் துளைக்குள் நுழைந்தது.

அக்காதான் முதலில் வாயைத் திறந்தார். "கரப்பான் பூச்சியைக் கண்டாலே நாற்காலி மேல ஏறுறவன் நீ. இப்படி நிக்க உனக்கு யாருடா சொல்லிக் குடுத்தது?"

மச்சான் கண்ணைத் திறந்தார். அக்காவைப் பார்த்தார். கீழே கிடந்த குழாயைப் பார்த்தார். லிஃப்ட்காரரைப் பார்க்க முடியாமல் மாதுளையைப் பார்த்தார்.

"அத்தான்தான்," என்றார். "லிஃப்ட்டுக்குள்ள. இருட்டுல."

தையல்காரம்மா இரண்டு எட்டு முன்னால் வந்தார்.

"எல்லாம் வெளியே வந்துச்சு. புகை வேண்டாம்னு நான்தான் சத்தியம் பண்ணேன். அவர் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு பண்ணேன்." மருந்துக்காரரைப் பார்த்து, குழாயை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிக் கையைக் காட்டினார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆனா நாற்பதாயிரம்னு அத்தான் சொல்றது பொய். அதையும் சொல்லிடறேன்."

லிஃப்ட்காரரின் புருவம் ஏறியது.

"என் சட்டைக்குள்ள மட்டுமே நாற்பதாயிரம் இருந்தது."